உங்களுக்குத் தெரியுமா? கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று!

எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் ராணுவ அதிகாரி ஒருவரின் கதை. என்னை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். ‘கொலோனல்’ என்று வாசித்தேன். வகுப்பே சிரித்தது. “அது கர்னல், உட்காரு” என்றார் டீச்சர். ஏன் கர்னல் என்று அவரும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் வாய் வரவில்லை. எழுத்தில் இல்லாத ‘ர்’ எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத் தேடத் தொடங்கியவன் இன்னும் நிறுத்தவில்லை. வழியில் சேர்ந்த அபூர்வச் சொற்களில் சில, இந்த இதழுக்கு.

கர்னலின் ‘ர்’

இத்தாலியில் படைவரிசையின் தலைவன் ‘கொலொனெல்லோ’. தூண், வரிசை என்று பொருள்படும் ‘கொலொன்னா’ அதன் வேர். பிரெஞ்சுக்காரர் வாயில் முதல் ‘ல’, ‘ர’வாகி ‘கொரொனெல்’ ஆயிற்று. ஒரே சொல்லில் இரண்டு ‘ல’ அடுத்தடுத்து வந்தால் ஒன்றை மாற்றிக்கொள்வது நாக்கின் வழக்கம். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இந்தப் பிரெஞ்சு வடிவத்தைத்தான் வாங்கினார்கள். பிறகு இத்தாலியப் போர்க்கலை நூல்களைப் படித்தவர்கள் எழுத்தை மட்டும் மூலத்துக்குத் திருப்பினார்கள். எழுத்து இத்தாலிக்குப் போய்விட்டது, பேச்சு பிரான்சிலேயே தங்கிவிட்டது. அன்று நான் வாசித்தது தப்பு என்றாலும் எழுத்தைப் பார்த்தால் நியாயம்தான். தமிழ்ப் பத்திரிகைகள் காதைக் கேட்டுக் ‘கர்னல்’ என்று எழுதிவிடுகின்றன.

கியூ

வரிசையைக் குறிக்கும் ‘கியூ’வில் ஐந்து எழுத்துகள். முதல் எழுத்தின் பெயர்தான் முழுச் சொல்லின் உச்சரிப்பும். மற்ற நான்கும் வாய் திறப்பதில்லை. பிரெஞ்சில் இதற்கு ‘வால்’ என்று பொருள். ‘அனுமார் வால் மாதிரி வரிசை’ என்று நாம் சொல்வதும் அதே கண்ணால் பார்த்ததுதான்.

படித்தவர்கள் செய்த வேலை

கடன் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘டெட்’. நடுவில் ஒரு பி இருக்கிறது, ‘பால்’ என்று எழுதும்போது போடுகிற பி. அதை யாரும் உச்சரிப்பதில்லை. உச்சரித்ததும் இல்லை! பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்தச் சொல்லில் பி கிடையாது. அப்போது ‘டெட்டே’ என்றுதான் எழுதினார்கள். மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர்கள், “இதன் பாட்டி லத்தீனின் ‘டெபிட்டும்’ அல்லவா” என்று, பழம்பெருமை காட்ட ஒரு பி-யைச் செருகினார்கள். சந்தேகத்தைக் குறிக்கும் ‘டவுட்’ சொல்லிலும் அதே கை, அதே பி. பணம் வாங்கியதற்குக் கொடுக்கும் ‘ரிசீட்’டில் நுழைத்தது ‘பேப்பர்’ எழுதும் பி. அதன் உடன்பிறப்புகளான, வஞ்சனை என்ற பொருளுள்ள ‘டிசீட்’, கர்வம் என்ற பொருளுள்ள ‘கன்சீட்’ இரண்டையும் விட்டுவிட்டார்கள். ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் தொப்பி மாட்டிய கதை.

வேர் தெரிந்து செருகியதையாவது மன்னிக்கலாம். தீவு என்ற பொருளுள்ள ‘ஐலண்ட்’டின் நடுவில் நிற்கும் எஸ் முழுக்கத் தப்பு. அது லத்தீன் சொல்லே இல்லை, சுத்தமான பழைய ஆங்கிலம். லத்தீன் வழி வந்த ‘ஐல்’ என்ற வேறொரு சொல்லைப் பார்த்து, இதுவும் அந்தக் குடும்பம் என்று நினைத்து எஸ் போட்டார்கள்.

ஸ்காட்லாந்து மலைகளில் குளிர்காலத்தில் வெள்ளை இறகுக்கு மாறும் பறவை ஒன்று உண்டு. கேலிக் மொழியில் அதன் பெயர் ‘டார்மகன்’. 1684இல் ராபர்ட் சிபால்ட் என்ற மருத்துவர், இது கிரேக்கச் சொல்லாக இருக்க வேண்டும் என்று முன்னால் ஒரு பி வைத்து எழுதினார். கிரேக்கத்தில் இறகைக் குறிக்கும் சொல் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. பறவைக்கும் கிரேக்கத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 340 ஆண்டுகளாக அந்தப் பி பறவையின் தலையிலேயே இருக்கிறது. உச்சரிக்கும்போது அதை விட்டுவிட்டு ‘டார்மிகன்’ என்று சொல்லுங்கள்.

உணவுப் பொருள்களைக் குறிக்கும் பழைய சொல்லும் இப்படித்தான். எழுத்தைப் பார்த்தால் ‘விக்சுவல்ஸ்’. சொல்ல வேண்டியது ‘விட்டில்ஸ்’. குற்றம் சாட்டுவதைக் குறிக்கும் சொல் எழுத்தில் ‘இன்டிக்ட்’, நீதிமன்றத்தில் ‘இன்டைட்’.

மீனும் கோட்டியும்

ஜி, எச், ஓ, டி, ஐ என்று ஐந்து எழுத்துகளை எழுதி, “இதை ஃபிஷ் என்றும் வாசிக்கலாம்” என்று சொல்லும் புதிரைக் கேட்டிருப்பீர்கள். ‘டஃப்’ சொல்லின் கடைசி ‘ஃப்’, ‘விமன்’ சொல்லில் ஓ தரும் ‘இ’, ‘நேஷன்’ நடுவே வரும் ‘ஷ்’, மூன்றையும் சேர்த்தால் ஃபிஷ். பெர்னார்ட் ஷாவின் குறும்பு என்று இதைச் சொல்வது வழக்கம். ஷா பிறந்தது 1856இல். லண்டன் பதிப்பாளர் சார்லஸ் ஒல்லியர் எழுதிய கடிதம் ஒன்றில் 1855லேயே இந்தப் புதிர் இருக்கிறது!

புதிரும் முழு நியாயமானதல்ல. ஜி-யும் எச்-சும் சொல்லின் தொடக்கத்தில் வந்தால் ஒருபோதும் ‘ஃப்’ ஒலிக்காது, ‘கோஸ்ட்’ போலக் ‘க’தான். கடைசியில் நிற்கும் டி-யும் ஐ-யும் ‘ஷ்’ ஆவதில்லை. ஆங்கில வழக்கப்படி வாசித்தால் வருவது ‘கோட்டி’. திருநெல்வேலிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஷாவுக்கு ஆங்கில எழுத்துமுறை மீது இருந்த கோபம் மட்டும் உண்மை. புதிய எழுத்து வரிசை ஒன்றை உருவாக்க உயிலில் பணம் ஒதுக்கினார். அந்த எழுத்தில் அவருடைய ‘ஆண்ட்ரக்ளீஸ் அண்ட் த லயன்’ நாடகம் 1962இல் அச்சானது. அதோடு சரி.

கடலோடிகள் சுருக்கியவை

கப்பலில் கயிறு, நங்கூரம், ஆட்களைக் கவனிக்கும் மேலாள், எழுத்தில் ‘போட்ஸ்வெய்ன்’. கூப்பிடுவது ‘போசன்’. கப்பலின் முன்புற மேல்தளம் எழுத்தில் ‘ஃபோர்காஸில்’, பேச்சில் ‘ஃபோக்ஸில்’. படகின் மேல் விளிம்பு எழுத்தில் ‘கன்வேல்’, பேச்சில் ‘கன்னல்’. புயலில் கத்திக் கூப்பிடுகிறவனுக்கு நீளமான சொல் கட்டுப்படியாகாது.

இங்கிலாந்தின் ஊர்ப் பெயர்கள் கரையிலேயே இருந்துகொண்டு இப்படித் தேய்ந்தவை. ‘வொர்செஸ்டர்’ என்று எழுதியிருப்பது ‘வூஸ்டர்’. ‘லெய்செஸ்டர்’ என்று தெரிவது ‘லெஸ்டர்’. ‘சோல்மாண்டெலி’ என்று எழுதும் குடும்பப் பெயரைக் கேட்டால் ‘சம்லி’ என்பார்கள்.

உயிரெழுத்து இல்லாத பள்ளத்தாக்கு

சி, டபிள்யூ, எம். இந்த மூன்றே எழுத்தில் ஒரு சொல் உண்டு. உச்சரிப்பு ‘கூம்’. மலைச்சரிவுகளுக்கு நடுவே கிண்ணம் போலக் குடைந்த பள்ளத்தாக்கு என்று பொருள். வேல்ஸ் மொழியிலிருந்து வந்தது. அந்த மொழியில் டபிள்யூ ஓர் உயிரெழுத்து. எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் கும்பு பனிச்சரிவைத் தாண்டியதும் நுழைகிற பனிப்பள்ளத்தாக்குக்கு ‘வெஸ்டர்ன் கூம்’ என்று பெயர். வேல்ஸ் மலைகளில் ஏறிப் பழகிய ஜார்ஜ் மேலரி 1921இல் வைத்த பெயர் அது.

புணர்ச்சியைத் தப்பாகப் பிரித்தால்

‘தேனாறு’ என்பதைத் தேன் + ஆறு என்று பிரிக்கப் பள்ளியில் பழக்கினார்கள். யாராவது தே + னாறு என்று பிரித்து, ‘னாறு’ என்றே ஒரு சொல்லைப் புழங்கத் தொடங்கினால்? ஆங்கிலத்தில் நடந்தது அதுவேதான். சமையலறையில் இடுப்பில் கட்டும் ‘ஏப்ரன்’ முதலில் ‘நேப்ரன்’. ‘எ நேப்ரன்’ என்று சேர்த்துச் சொன்னதை ‘அன் ஏப்ரன்’ என்று பிரித்துவிட்டார்கள். கிரிக்கெட்டில் விரலைத் தூக்கும் அம்பயர் ஒருகாலத்தில் ‘நம்பயர்’. இரு தரப்புக்கும் சமமில்லாத மூன்றாம் ஆள், அதாவது நடுவர், என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல் அது. விஷப்பாம்பான ‘ஆடர்’ முன்பு ‘நாடர்’. எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. கூடுதல் பெயர் என்ற ‘அன் ஈக்நேம்’, ‘எ நிக்நேம்’ ஆயிற்று.

ஆரஞ்சுப் பழமும் தலையெழுத்தை இழந்ததுதான். ஆனால் இழந்தது இங்கிலாந்தில் அல்ல. இத்தாலி, பிரான்ஸ் பக்கம் வரும்போதே ‘ந’ உதிர்ந்துவிட்டது. ஸ்பெயினில் இன்றும் ‘நராங்ஹா’. அதற்குப் பின்னால் அரபியின் ‘நாரஞ்ச்’, பாரசீகத்தின் ‘நாரங்’, வடமொழியின் ‘நாரங்க’. அதற்கும் பின்னால் திராவிட மொழிச் சொல் ஒன்று இருக்கிறது என்பது அகராதியாளர் பலரின் கருத்து. நம் வீட்டு நாரத்தங்காய் ஊறுகாயை நினைத்துக்கொள்ளுங்கள்.

தாய்மாமன் ஒளிந்திருக்கும் சொல்

‘அவங்க்யுலர்’ என்று ஒரு சொல். பரிவும் வேடிக்கையுமாகப் பெரிய மனிதர் ஒருவர் நம்மிடம் பழகும் விதத்தைச் சொல்வது. அகராதியில் ‘அங்கிளைப் போன்ற’ என்று போட்டிருக்கும். எந்த அங்கிள்? அங்கேதான் விஷயம். லத்தீனில் அப்பாவின் சகோதரருக்கு ‘பத்ருவுஸ்’, அம்மாவின் சகோதரருக்கு ‘அவுங்குலுஸ்’ என்று தனித்தனிப் பெயர்கள் இருந்தன. ஆங்கிலத்தின் ‘அங்கிள்’, ‘அவங்க்யுலர்’ இரண்டும் இரண்டாவதிலிருந்து பிறந்தவை. சரியாக மொழிபெயர்த்தால் ‘தாய்மாமனைப் போன்ற’!

பழைய ஆங்கிலத்திலும் தாய்மாமனுக்கு ‘ஏஆம்’, சித்தப்பா பெரியப்பாவுக்கு ‘ஃபேதரா’ என்று வேறு வேறு சொற்கள் இருந்தன. பிரெஞ்சுச் சொல் வந்து இரண்டையும் விழுங்கிவிட்டது. காதுகுத்துக்கு மடி கொடுப்பவரையும் பங்காளி உறவுக்காரரையும் ஒரே சொல்லால் அழைக்கும் நிலைக்கு ஆங்கிலம் வந்துசேர்ந்தது. இது அந்த மொழிக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தொலைத்தவற்றில் இன்னும் இரண்டு: ‘ஓவர்மாரோ’ என்றால் நாளை மறுநாள். ‘எர்யெஸ்டர்டே’ என்றால் முந்தாநாள். முதல் சொல் 1535இல் அச்சான கவர்டேல் பைபிளில் இருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் இவற்றைச் சொல்ல மூன்று நான்கு சொற்கள் வேண்டும். ஜெர்மானியர் தங்கள் ‘ஊபர்மார்கன்’ என்ற சொல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இறவாரத்தில் நின்றவன்

ஒட்டுக்கேட்பதற்கு ‘ஈவ்ஸ்டிராப்’. ‘ஈவ்ஸ்’ என்றால் கூரையின் இறவாரம். மழை பெய்தால் இறவாரத்திலிருந்து தண்ணீர் சொட்டி, சுவரை ஒட்டி ஒரு கோடு போலத் தரை அரித்திருக்குமே, அந்த இடத்துக்குத்தான் முதலில் இந்தப் பெயர். அங்கே நின்று சுவரில் காதை வைத்தவன் ‘ஈவ்ஸ்டிராப்பர்’ ஆனான். இங்கிலாந்தில் இது சட்டப்படி குற்றமாகவே இருந்தது. அந்தப் பழைய குற்றத்தைச் சட்டத்திலிருந்து நீக்கியது 1967இல்தான்.

கல்லில் ஓடும் தேவரத்தம்

கோடை கழிந்து முதல் மழை விழும்போது எழும் மண்வாசனைக்கு ஆங்கிலத்தில் நெடுநாள் தனிச்சொல் இல்லை. 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையில் ஒன்றை உருவாக்கினார்கள்: ‘பெட்ரிகோர்’. ‘பெட்ரைகோர்’ என்று சொல்பவர்களும் உண்டு. சி, எச் இரண்டும் சேர்ந்து வந்தாலும் ‘ச’ அல்ல, ‘க’. கிரேக்கத்தில் ‘பெட்ரா’ என்றால் கல். ‘ஈகோர்’ என்பது தேவர்களின் நரம்பில் ரத்தத்துக்குப் பதிலாக ஓடும் திரவம். விஞ்ஞானக் கட்டுரைக்குள் இத்தனை அழகான பெயர் வைத்த இருவருக்கும் கைகூப்பத் தோன்றுகிறது.

வறண்ட நாள்களில் செடிகள் விடும் எண்ணெய்ப் பொருள்களைக் கல்லும் மண்ணும் உறிஞ்சி வைத்திருக்கின்றன. ஈரம் பட்டதும் அவை வெளியேறுகின்றன. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ‘ஜியோஸ்மின்’ என்ற பொருளும் அதோடு சேர்கிறது. அந்த வாசனையைச் சுட்ட களிமண்ணிலிருந்து வடித்துச் சந்தன எண்ணெயில் பிடித்து அத்தராக விற்கிறார்கள் உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில். கட்டுரைக்கு வெகுகாலம் முன்பிருந்தே நடக்கும் தொழில் அது.

வயிறு பேசினால்

பசியில் வயிறு ‘கடமுட’ என்று உருள்வதற்கு மருத்துவப் பெயர் ‘பார்பரிக்மஸ்’. கிரேக்கர்கள் வயிற்றுச் சத்தத்தைக் கேட்டு அப்படியே சொல்லாக்கியது. ஒன்றுக்கு மேற்பட்டால் ‘பார்பரிக்மை’.

தூசு, துரும்பு, மயிர்

ஒன்றை மதிப்பே இல்லாதது என்று ஒதுக்குவதற்கு 29 எழுத்துகளில் ஒரு சொல்: ‘ஃப்ளாக்ஸிநாஸி நிஹிலிபிலிஃபிகேஷன்’. நடுவில் மூச்சுவிட நான் இடம் விட்டிருக்கிறேன், ஆங்கிலத்தில் அதுவும் கிடையாது. 1741இல் வில்லியம் ஷென்ஸ்டன் என்ற கவிஞர் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். லத்தீன் இலக்கணப் புத்தகத்தில் ‘பொருட்டாக மதிக்காதே’ என்ற பொருளில் வரிசையாக வரும் நான்கு சொற்களைக் கோத்துச் செய்தது. ஒன்று கம்பளிப் பிசிறு, ஒன்று அற்பப் பொருள், ஒன்று சூன்யம், ஒன்று மயிர். ‘தூசுக்குச் சமம், துரும்புக்குச் சமம், மயிருக்குச் சமம்’ என்று நாம் வரிசையாக அடுக்குவோமே, அதை ஒரே மூச்சில் சொன்னதுபோல.

இதைவிட நீளமானது 45 எழுத்துச் சொல்: ‘நியூமனோ அல்ட்ரா மைக்ராஸ்கோபிக் சிலிக்கோ வால்கேனோ கோனியோஸிஸ்’. எரிமலையின் நுண்துகள் நுரையீரலில் படிந்து வரும் நோய் என்று பொருள். எந்த மருத்துவரும் சீட்டில் இதை எழுதியதில்லை. அமெரிக்கப் புதிர்க்காரர்கள் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித், நீளத்தில் முதலிடம் பிடிக்கவே 1935இல் உண்டாக்கியது. மருத்துவர்கள் ‘சிலிக்கோஸிஸ்’ என்று முடித்துக்கொள்கிறார்கள்.

ஜன்னல் வழியாக ஒரு போர்

ஒருவரை ஜன்னல் வழியே தூக்கி எறிவதற்கென்றே ஒரு சொல், ‘டிஃபெனஸ்ட்ரேஷன்’. ‘ஃபெனஸ்ட்ரா’ லத்தீனில் ஜன்னல். 1618 மே 23 அன்று பிராக் கோட்டைக்குள் நுழைந்த புராட்டஸ்டன்ட் பிரபுக்கள், மன்னரின் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய செயலர் ஃபேப்ரீஷியஸையும் சுமார் 70 அடி உயர ஜன்னலிலிருந்து வீசினார்கள். மூவரும் பிழைத்தார்கள். ஃபேப்ரீஷியஸுக்குப் பிற்பாடு மன்னர் பிரபுப் பட்டம் கொடுத்தார். பட்டத்தின் பொருள் ‘உயர விழுந்தவர்’! அந்த ஜன்னலில் தொடங்கிய பகை ஐரோப்பாவை முப்பது ஆண்டு போரில் எரித்தது.

மல்லி இல்லாத மல்லிகடானி

ஆங்கில ஓட்டல்களின் சூப் பட்டியலில் ‘மல்லிகடானி’ என்று ஒன்று இருக்கும். கேட்டால் கொத்தமல்லி நினைவுக்கு வரும். உள்ளே இருப்பது மிளகு. நம் மிளகுத்தண்ணிதான் வெள்ளைக்காரர் வாயில் அப்படி ஆனது. அதை விரும்பிக் குடித்ததால் சென்னை மாகாணத்து ஆங்கில அதிகாரிகளுக்கு ‘மல்’ என்றே பட்டப்பெயர் இருந்தது.

‘ஷெரூட்’ என்பது நம் சுருட்டு. கோனன் டாயிலின் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், 1887இல், துப்பறிவாளர் கீழே கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனதைப் பலர் அறிவார்கள். ஆனால் இன்றைக்கு ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இரட்டை உடல் கொண்ட படகு என்று பொருள். மரங்களைச் சேர்த்துக் கட்டி அதில் ஏறிக் கடலுக்குப் போகிற நம் மீனவர் அதை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார். நெப்போலியன் காலத்தில், 1804இல், எதிரிக் கப்பல்களுக்குக் கீழே வெடிக்கவிட்ட மிதவைக் குண்டுகளுக்கும் ஆங்கிலேயர் ‘கேட்டமரான்’ என்றே பெயர் வைத்தார்கள். சண்டைக்காரப் பெண்ணைத் திட்டவும் பயன்படுத்தினார்கள். ஊர்விட்டுப் போன சொல்லுக்கு என்னென்ன வேஷம்!

இந்தியச் சொற்கள் ஆங்கிலத்தில் ஏறிய கதையை ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’ என்ற அகராதி 1886இல் தொகுத்தது. ஹென்றி யூல், ஏ. சி. பர்னெல் இருவரும் ஆசிரியர்கள். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதி. அங்கே அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவரும் அவர்தான். அகராதி அச்சாகும் முன்பே, 1882இல் இறந்துவிட்டார். புத்தகத்தின் பெயரே ஒரு காதுக்கோளாறு. மொகரம் ஊர்வலத்தில் ‘யா ஹஸன், யா ஹுஸைன்’ என்று எழுந்த முழக்கம் ஆங்கிலச் சிப்பாய்களின் காதில் அப்படி விழுந்தது.

ஐந்து வருடத்தில் எறும்பு

ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியைப் பத்து வருடத்தில் முடித்துத் தருவதாக 1879இல் ஒப்பந்தம் போட்டார் ஜேம்ஸ் மரே. ஊர் உலகத்தில் உள்ள வாசகர்கள் சொல்லையும் அது வரும் வாக்கியத்தையும் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்ப, இரும்புத் தகடு போட்ட கொட்டகையில் உட்கார்ந்து அவர் தொகுத்தார். சீட்டுகளை அகரவரிசைப்படுத்த அவருடைய பிள்ளைகளுக்குக் கைச்செலவுக் காசு. ஐந்து வருடம் கழித்து, 1884இல் முதல் பகுதி வந்தது. ‘ஏ’யில் தொடங்கிய அது எட்டிய இடம் ‘ஆன்ட்’, அதாவது எறும்பு! 1928இல் பணி முடிந்தபோது 4,14,825 சொற்கள். மரே 1915லேயே காலமாகிவிட்டார்.

இத்தனை கவனத்திலும் ஒரு சீட்டு தொலைந்தது. அடிமைப் பெண் என்ற பொருளுள்ள ‘பாண்ட்மெய்ட்’ அச்சில் விட்டுப்போனது. அதற்கு இடம் கிடைக்க 1933இன் இணைப்புத் தொகுதி வரவேண்டியிருந்தது.

இல்லாத சொல்லுக்கு உச்சரிப்பு

அமெரிக்காவின் வெப்ஸ்டர் அகராதியில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. அடர்த்தியைக் குறிக்கப் பெரிய டி-யோ சின்ன டி-யோ போடலாம் என்று வேதியியல் ஆசிரியர் 1931 ஜூலையில் ஒரு சீட்டு எழுதினார். ‘டி ஆர் டி’ என்ற அந்தக் குறிப்பு சுருக்கெழுத்துகளின் கட்டில் சேராமல் சொற்களின் கட்டில் சேர்ந்துவிட்டது. எழுத்துகளை ஒட்டி வாசித்தார்கள், ‘டார்ட்’ என்று ஒரு சொல் பிறந்தது. உச்சரிப்புக் குறி போட்டார்கள், பெயர்ச்சொல் என்று வகை எழுதினார்கள். 1934 பதிப்பில் அச்சும் ஆயிற்று. 1939 பிப்ரவரி 28 அன்று ஓர் ஆசிரியர், இந்தச் சொல்லுக்கு மட்டும் வேர் கொடுக்கவில்லையே என்று கவனித்தார். அப்போதுதான் குட்டு உடைந்தது. பக்கத்திலிருந்து அது நீங்க 1947 ஆயிற்று.

தெரிந்தே வைத்த பொய்யும் உண்டு. 2001இல் வந்த நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதியில் ‘எஸ்கிவேலியன்ஸ்’ என்று ஒரு சொல் இருந்தது. தன் அலுவலகக் கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழிப்பது என்று பொருள் போட்டிருந்தார்கள். யாராவது அகராதியைத் திருடி அச்சிட்டால் கையும் களவுமாகப் பிடிக்க, கிறிஸ்டின் லிண்ட்பர்க் என்ற ஆசிரியர் புனைந்து வைத்த சொல் அது. நான்கு வருடம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது.

கறிவேப்பிலை வென்ற கோப்பை

சொல்லைக் காதால் கேட்டு எழுத்துக்கூட்டிச் சொல்லும் ‘ஸ்பெல்லிங் பீ’ போட்டி அமெரிக்காவில் தேசிய அளவில் 1925 முதல் நடக்கிறது. 1985இல் ‘மில்யூ’ என்ற சொல்லைச் சரியாகச் சொல்லி வென்ற பாலு நடராஜன்தான் அதில் முதல் இந்திய வம்சாவளி வெற்றியாளர். ஒருவர் வாழும் சூழல் என்பது அதன் பொருள். 2021இல் 14 வயது ஜைலா அவான்ட்கார்டை வெற்றியாளராக்கிய கடைசிச் சொல் ‘முர்ராயா’. அது ஒரு தாவரப் பேரினத்தின் பெயர். நம் கறிவேப்பிலையின் புகழ்பெற்ற தாவரவியல் பெயர் ‘முர்ராயா கோனிகை’. இரண்டாம் பாதிப் பெயருக்குரிய யோஹான் கோனிக், லின்னேயஸின் மாணவர். 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து இங்கேயே செடி கொடிகளை ஆராய்ந்தவர். குழம்பில் ஒதுக்கிவைக்கும் இலைக்குப் பின்னால் ஒரு தரங்கம்பாடி வைத்தியர் இருக்கிறார்.

கடைசியாக, கையில் இருக்கும் அகராதியைப் பற்றி

சொல்லுக்குப் பொருள் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறோம். பக்கத்திலேயே இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவில் வேறு மாதிரி எழுத்துகள் இருக்கும். ஒலிக்கு ஓர் எழுத்து என்ற முறையில் அமைந்த குறிகள் அவை. 1917இல் டேனியல் ஜோன்ஸ் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியால் பரவலானவை. அவற்றுக்குள் எங்காவது ஓர் அசைக்கு முன்னால், மேலே சின்னஞ்சிறு நெட்டுக்கோடு ஒன்று தெரியும். அந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று அடையாளம்.

அந்தக் கோடு எவ்வளவு வேலை செய்கிறது என்று பாருங்கள். ‘ஃபோட்டகிராஃப்’ என்பதில் அழுத்தம் முதல் அசையில். எடுப்பவரைச் சொல்லும்போது அது இரண்டாம் அசைக்குப் போய் ‘ஃபடாக்ரஃபர்’. ‘ஃபோட்டகிராஃபிக்’ என்றால் மூன்றாம் அசையில். எழுத்து ஏறக்குறைய அதேதான், கோடு நகர்ந்ததும் சொல்லின் ஓசையே மாறிவிடுகிறது. தமிழில் இப்படி அழுத்தத்தை மாற்றிப் பேசும் பழக்கம் நமக்கு இல்லாததால் இதை யாராவது காட்டித்தான் கொடுக்க வேண்டும்.

வீட்டில் அகராதி இருந்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்து இன்றைக்கே ஒரு சொல்லை எடுங்கள். பொருளைப் படிக்கும் முன் அந்தச் சின்னக் கோடு எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள்.